வரப்பை விட்டு இறங்காதவர்

"தை 27, ஞாயிறு. புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஊர்க்கூட்டம். மேய்க்காலுக்குப் பொறுப்பாளர் கிடைத்தார். சம்பளம் கிடையாது. நாற்காலி போதவில்லை. டீ இரண்டு சுற்று."

என்னுடைய அன்றைய குறிப்பு இவ்வளவுதான். கஜா புயலுக்கு அடுத்து வந்த தை அது. பக்கத்தில் 10.2.2019 என்று ஆங்கிலத் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் குறிப்பில் பொறுப்பாளர் என்று வருகிறவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் வராது. உயிரோடு இருந்தபோது ஒருமுறை, "ஒங்களப் பத்தி எழுதட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"எழுது. பேரப் போடாத. பேரு தெரிஞ்சா திட்டுறவனுக்கு வேல சுலுவாப் போயிடும்" என்றார்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. வயல் வரப்புகள் ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டும். இறங்குகிறவர் யார் என்பது ஒரு காலத்தில் பிறக்கும்போதே முடிவாகியிருந்தது. அக்காவுடைய அப்பாவும் அம்மாவும் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். பண்ணை வீட்டு ஆள் தூரத்தில் வருவது தெரிந்ததுமே இறங்கி நின்றுவிடுவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் இறங்க மாட்டார். அதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். "தலையில சொமையோட வந்தா நான் எறங்குவேன். தோள்ல துண்டோட வந்தா எறங்க மாட்டேன்."

இது வெறும் பேச்சில்லை. நாற்றுக்கட்டு சுமந்து வரும் பெண்ணுக்காக முழங்கால் சேற்றில் அவர் இறங்கி நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஓர் ஐப்பசியில், விதை கம்பெனிக்காரர் ஒருவர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வயல் பார்க்க வந்தார். நடுவரப்பில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவர் "கொஞ்சம் எறங்குங்கம்மா" என்றார். இவர் காதில் விழாதது போல நின்றார். அவருக்குப் போன் வந்தது, பேசினார். பேசி முடித்து நிமிர்ந்தபோது இவர் வரப்பிலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அவரைக் கடந்து போகும்போது, "பாத்து நில்லுங்க தம்பி, நண்டு வளை இருக்கும்" என்றார் அக்கா, அக்கறையாக. அந்த அக்கறையும் உண்மையானதுதான்.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் நடந்தே போவார். ஒருமுறை நானும் அந்தக் கூட்டத்தோடு போனேன். வழியில் யாரோ ஒரு பெரிய மனிதரின் கார்கள் வருகின்றன என்று எங்களைச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி நிற்கச் சொன்னார்கள். எல்லோரும் இறங்கினோம். அவர் தார் ரோட்டின் ஓரத்திலேயே நின்றார். "மாதாவப் பாக்கப் போறப்ப பள்ளத்துல எறங்கக் கூடாதுன்னு வேண்டுதல்" என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு வேண்டுதல் இருப்பதாக அதற்கு முன்போ பின்போ நான் கேள்விப்பட்டதில்லை. கார்கள் அவரை உரசுவது போலப் போயின. புடவைத் தலைப்பு பறந்ததே தவிர ஆள் அசையவில்லை.

இப்படிப்பட்டவரை மேய்க்காலுக்குப் பொறுப்பாகப் போடலாம் என்று ஊரில் யாருக்காவது எப்படித் தோன்றியது? அதைச் சொல்வதற்கு முன் மேய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே கிடக்கும் பொதுப் புல்வெளிதான் மேய்க்கால். அரசாங்கக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடுகளெல்லாம் அங்கேதான் மேயும். நடுவில் மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு குட்டை உண்டு. புயல் ஐப்பசிக் கடைசியில் வந்து, கதிர் வைத்துக்கொண்டிருந்த பயிரை உப்புக்காற்றில் கருக்கிவிட்டது. அந்த வருஷம் வைக்கோல் இல்லை. கடனுக்குக்கூட எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை. மேய்க்கால் ஒன்றுதான் மாடுகளுக்கு மிச்சம். அதுவும் போனால் மாட்டை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். வெளியூர் லாரி ஒன்று கடைத்தெருவில் அடிக்கடி வந்து நிற்கத் தொடங்கியிருந்தது.

அதே சமயம் மேய்க்காலின் கிழக்கு ஓரத்தில் இறால் குட்டை வைத்திருந்தவர், புயலில் உடைந்த கரையைச் சரிசெய்வதாகச் சொல்லி ஜேசிபி கொண்டுவந்தார். கரை சரியானது. ஆனால் இருந்த இடத்தில் இல்லை. புல்வெளிக்குள் நகர்ந்து வந்திருந்தது. உப்புத் தண்ணீர் கசிந்து ஓரத்துப் புல் சிவந்தது. மாடுகள் தங்கள் குட்டையில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. அப்போது ஊராட்சிக்குத் தேர்தல் நடந்திருக்கவில்லை. தலைவர் என்று யாரும் இல்லை. இருந்தவர் முன்னாள் தலைவர் மட்டும்தான். இறால் குட்டைக்காரர் அவருடைய மச்சான்.

மாடு வைத்திருக்கும் வீடுகள் சத்தம் போட்டதால் கூட்டம் கூடியது. புல் தழைக்க ஒரு பக்கத்தை அடைத்து, மேய்ச்சலை ஒழுங்குபடுத்த ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள். முதலில் கேட்கப்பட்டவர் முழங்கால் வலி என்றார். இரண்டாமவர் மகனோடு சிங்கப்பூர் போகப் போவதாகச் சொன்னார்; இன்றுவரை போகவில்லை. மூன்றாமவர், "எனக்கு மாடே இல்லியே" என்றார். அவரிடம் அன்று நாலு மாடு இருந்தது. மச்சானை எதிர்த்துக்கொண்டு சம்பளமில்லாத வேலை பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

அப்போது முன்னாள் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதான் அக்கா இருக்குல்ல. மேய்க்கால்லயே கொட்டாய் போட்டு மாடு கட்டியிருக்கு. ராப்பகலா அங்கயேதான கெடக்குது. அதையே போட்டுடுவோம்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பின் பொருள் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் கட்டித் தந்த அக்காவுடைய தொகுப்பு வீட்டைச் சுற்றி மாடு கட்ட இடம் கிடையாது. அதனால் இரண்டு உம்பளச்சேரிப் பசுக்களுக்கு மேய்க்காலின் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டிருந்தார். புயலில் கூரை போனபின் நிவாரணத்தில் கிடைத்த தார்ப்பாயைக் கட்டியிருந்தார். அதுவும் ஆக்கிரமிப்புதான். அவர் எப்போதாவது இறால் குட்டையைப் பற்றி வாயைத் திறந்தால், பதிலுக்குக் கொட்டகையைக் காட்டினால் போதும். அன்று கூட்டம் முடிந்து டீக்கடையில் மச்சான் இதை வெளிப்படையாகவே சொன்னார். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். "மாமா சும்மாவா போட்டாரு? அது கால்ல கயிறு கெடக்குல்ல."

ஊரில் மாடு வைத்திருந்த மற்றவர்களையெல்லாம் விட்டு, கறை உள்ள ஒருவரைத் தேடிப் பொறுப்பில் வைத்தால் கடிக்காது என்று கணக்குப் போட்டார்கள். அவர்கள் அக்காவை வரப்பில் பார்த்திருந்தும் இந்தத் தவறைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

கூட்டத்தில் அவர் உட்காரவில்லை. புல்லுக்கட்டோடு வாசல்படியில் நின்றிருந்தார்.

"சம்பளம் இல்லன்னு சொன்னீங்க. அதிகாரம் உண்டா?"

"உண்டு உண்டு" என்றார் முன்னாள் தலைவர்.

"என்னா அதிகாரம்?"

"அடைச்ச பக்கம் மேயுற மாட்டப் புடிச்சிக் கட்டலாம்."

"யார் மாடா இருந்தாலுமா?"

"யார் மாடா இருந்தாலும்."

"மாடு மட்டுந்தானா? மேய்க்கால்ல வேற எது நின்னாலும் கேக்கலாமா?"

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். முன்னாள் தலைவர் மச்சானைப் பார்த்தார், பிறகு கொட்டகையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "தாராளமாக் கேளு. எல்லார்துந்தான்" என்று அழுத்திச் சொன்னார்.

அவர் என் பக்கம் திரும்பினார். கூட்ட நடவடிக்கையை எழுதிக்கொண்டிருந்தவன் நான்தான். "எழுதிட்டியா தம்பி? 'எல்லார்துந்தான்'னு சொன்னாரு. அத விட்டுடாத." பிறகு புல்லுக்கட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்மதித்தார் என்று நானாகத்தான் எழுதினேன்.

மறுநாளே மேய்க்காலை இரண்டாகப் பிரித்தார். பனைமட்டைகளை நட்டுப் பழைய புடவைக் கிழிசல்களைக் கட்டி, ஒரு பாதியில் புல் தழையும்வரை மாடு இறங்கக்கூடாது என்றார். மாடு உள்ள வீடுகள் முறை போட்டு ஆளுக்கொரு நாள் மேய்க்க வேண்டும். முறைக்கு வராத வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, "ஒங்க மாட்ட இன்னிக்கி யாரு மேச்சா, ஒங்க மாமனாரா?" என்று தெருவே கேட்கக் கேட்பார். மாமனார் இறந்த வீடாக இருந்தாலும் கேட்பார். அவரைப் பிடிக்காதவர்கள் அந்த மாசியில் நிறையப் பேர் ஆனார்கள். நானும் ஒரு நாள் முறை தவறி, அதே வாக்கியத்தை என் வாசலில் கேட்டேன்.

முதலில் பிடிபட்டவை முன்னாள் தலைவரின் இரண்டு மாடுகள். அடைத்த பக்கத்தில் மேய்ந்தன. பிடித்த மாட்டை அடைத்து வைக்க ஊரில் பட்டி இல்லை. தன் கொட்டகையிலேயே கட்டினார். தலைவர் வீட்டு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய், பிறகு தலைவரே வந்தார். நான் அன்று முறைக்கு மாடு மேய்த்துக்கொண்டிருந்ததால் நேரிலேயே பார்த்தேன்.

"என் மாட்டக் கட்டுற அளவுக்கு ஆயிடுச்சா?"

"நீங்க குடுத்த அதிகாரந்தாங்க. யார் மாடா இருந்தாலும்னு சொன்னீங்க."

"இந்தக் கொட்டாயே மேய்க்கால் எடம். திருட்டுக் கொட்டாய்ல என் மாட்டக் கட்டுவியா?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமாங்க, மேய்க்கால் எடந்தான். அதனால இன்னிலேருந்து இது மேய்க்கால் கொட்டாய். ஊருப் பட்டி. என் மாடும் இதுல கட்டுப்பட்டதுதான்னு வச்சுக்குங்க. இப்ப ஒங்க மச்சான் கரையும் மேய்க்கால்லதான இருக்கு. அத எதுக்கு வச்சுக்கலாம், சொல்லுங்க."

தலைவர் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போனார். அவிழ்க்க விடுமுன், மட்டைகள் இரண்டை மாடு சாய்த்துவிட்டது என்று சொல்லி, அவற்றைத் திரும்ப நட்டுவிட்டுப் போகச் சொன்னார் இவர். தலைவர் நட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் குனிந்து நட்டதைப் பார்த்தவர்கள் நானும் முப்பது நாற்பது மாடுகளும்தான். மாலைக்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதன் பிறகு மச்சானுக்கும் அவருக்கும் நேரடிச் சண்டையாகிவிட்டது. இவர் தாலுக்கா ஆபீசுக்கு நடந்தார். மேய்க்காலை அளந்து தர வேண்டும் என்று மனுக் கொடுத்தார். மனுவை எழுதித் தந்தவன் நான். "கொட்டகையப் பத்தியும் எழுதணுமா அக்கா?" என்று கேட்டேன்.

"அளந்தா அதுவுந்தான வரும். எழுது."

"எடுக்கச் சொல்லிட்டா மாட்ட எங்க கட்டுவீங்க?"

"எடுக்கச் சொல்லட்டும் தம்பி. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லட்டும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அவருக்கு அந்தக் கொட்டகை சிறிய விஷயம் இல்லை. அடுத்த மழைக்கு அந்த இரண்டு பசுக்களும் நிற்க வேறு இடம் கிடையாது. மகன் திருப்பூரிலிருந்து அனுப்புவது அவனுக்கே போதாது. பால்தான் அவருடைய சாப்பாடு.

சித்திரையில் சர்வேயர் வந்தார். இளைஞர், பொறுமையானவர். மேற்கே இரண்டு எல்லைக்கற்களைக் கண்டுபிடித்தார். கிழக்கில் ஒன்றும் தெரியவில்லை. அடையாளமாக இருந்த பனைகள் புயலில் போய்விட்டன; கல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இறால் குட்டையின் புதுக்கரை மேடாக இருந்தது. "கிழக்குல ஒரு கல்லாவது வேணுங்க. இல்லாட்டி இன்னிக்கி முடிக்க முடியாது. மேல எழுதித்தான் பாக்கணும்" என்றார். மேலே எழுதினால் என்ன ஆகும் என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். மச்சான் கரைமேல் நின்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

அக்கா, "வாங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கரைமேல் ஏறி நடந்தார். அவருக்குப் பின்னால் சர்வேயர், சங்கிலி பிடிப்பவர், நான். எதிரே மச்சான். கரை குறுகலானது, ஒரு பக்கம் இறால் குட்டை, மறுபக்கம் சரிவு. இவர் நடையைக் குறைக்கவில்லை. மச்சான் தோளில் துண்டு இருந்தது. கடைசி நேரத்தில் அவர் ஒதுங்கினார். ஒதுங்கியது தண்ணீர்ப் பக்கம். முழங்கால்வரை இறாலோடு நின்றார். யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சர்வேயர் மட்டும் தன் தாளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போய் அக்கா ஓர் இடத்தைக் காலால் காட்டினார். "இங்க தோண்டுங்க."

சங்கிலிக்காரர் கடப்பாரையைப் போட்டார். கரைமண் எளிதாக விட்டுக்கொடுத்தது. சிறிது ஆழத்தில் கல் தட்டியது. மண்ணைக் கையால் விலக்கினார்கள். தலையில் சர்வே கல்லுக்கு உரிய அம்புக்குறி வெட்டிய கருங்கல்.

அதை வைத்து அளந்தபோது இறால் குட்டையின் புதுக்கரையில் பெரும்பகுதியும், பழைய குட்டையில் கொஞ்சமும் மேய்க்காலுக்குள் வந்தன. கொட்டகையும் வந்தது.

மச்சான் குட்டையிலிருந்து ஏறி வந்தார். "இவதான் கொண்டாந்து நட்டுருக்கா! இல்லாட்டி காலால காட்டுறாளே, எப்புடித் தெரியும்?"

"ஒங்க கரைக்குள்ளயா வந்து நட்டேன்? நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்களா?" என்றார் அக்கா.

"நட்டாளா இல்லியா, அதக் கேளுங்க சார்!"

சர்வேயர் கல்லைத் தடவிப் பார்த்தார். "கல்லு பழசுதாங்க. எப்ப நட்டதுன்னு கல்லுல எழுதலியே" என்றார். பிறகு தன் வேலையை முடித்தார்.

நோட்டீஸ் இரண்டு வந்தன: ஒன்று இறால் குட்டைக்கு, ஒன்று கொட்டகைக்கு. நோட்டீஸ் வந்த அன்றே அவர் தார்ப்பாயைச் சுருட்டிக் கம்புகளைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாளிலிருந்து தாலுக்கா ஆபீஸ் வாசலில் நின்றார். "என்னுத எடுத்துட்டேன். இன்னொன்னு எப்ப எடுப்பீங்க?" என்று வருகிற போகிற அதிகாரிகளிடமெல்லாம் கேட்டார். உள்ளே போய் உட்காரச் சொன்னால் போக மாட்டார். வழியில்தான் நிற்பார். ஆடி பிறக்குமுன் ஜேசிபி வந்தது. கரையை வெட்டி, குட்டையை வற்றவிட்டு, மேட்டை நிரவியது. முன்னாள் தலைவர் அன்று ஊரில் இல்லை.

அந்த ஐப்பசி மழையில் இரண்டு பசுக்களும் அவருடைய தொகுப்பு வீட்டுக்குள் நின்றன. இருக்கிற ஒரே அறையில் மாடு. வாசலில் கட்டில் போட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் அவர். "மாட்டுக்குக் கவர்மெண்டு வீடு கெடச்சிருக்கு தம்பி, எனக்குத்தான் இன்னும் வரல" என்றார். ஊர் சேர்ந்து வேறிடத்தில் கொட்டகை போட்டுத் தருவதாகப் பேசியது. பேச்சோடு நின்றது. அதை அவர் நினைவூட்டவே இல்லை. கேட்டு வாங்குவது அவருக்கு வராது. இரண்டாம் ஆண்டு மாடுகளில் ஒன்றை விற்றார். லாரிக்கு இல்லை, பக்கத்து ஊருக்கு.

கல்லைப் பற்றி நான் அவரிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். பொறுப்பிலிருந்து விலகாமலே அவர் காய்ச்சலில் இறந்துபோவதற்குச் சில மாதங்கள் முன்பு, மேய்க்காலில் வைத்து.

"அந்தக் கல்லு அங்கயே இருந்ததுதானா அக்கா?"

"இருந்துச்சுன்னா என்னா, இல்லாட்டி என்னா?"

"இல்லாட்டி திருப்பி அளக்கச் சொல்லுவாங்க."

"அளக்கட்டும். எத்தன தடவ அளந்தாலும் மாடு மேஞ்ச எடம் மாடு மேஞ்ச எடந்தான். அந்த ஆளு கரைய நகத்துனப்ப ஒரு பயலும் கேக்கல. கல்லு நகந்துச்சான்னு மட்டும் எல்லாரும் கேக்குறீங்க."

பதிவு செய்ய வேண்டியதைப் பதிவு செய்கிறேன். ஊரில் பெரும்பாலோர் கல் அங்கேயே இருந்தது என்கிறார்கள்; தன் கொட்டகைக்கே கேடு வருகிற இடத்தில் யாராவது கல்லை நடுவார்களா என்பது அவர்கள் வாதம். மச்சான் பக்கத்தார் அதையே திருப்பிப் போடுகிறார்கள்: நம்ப வைப்பதற்குத்தான் அப்படி நட்டார் என்கிறார்கள். கல்லைச் சுற்றியிருந்த மண் இளகியிருந்தது. ஆனால் ஜேசிபி கொட்டிய கரைமண் எங்குமே இளகல்தான். புயலுக்கு முன்பு அவர் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்க ஒரு கருங்கல் கிடந்ததாக எனக்கு நினைவு. அதன் தலையில் அம்புக்குறி இருந்ததா என்று நினைவில்லை. என் குறிப்புகளில் அந்தக் கல்லே இல்லை.

கிழக்கு எல்லையில் இப்போது புல் பச்சையாக வந்திருக்கிறது. மாடுகள் குட்டையில் தண்ணீர் குடிக்கின்றன. அளவைப் பதிவில் அந்த இடத்துக்கு நேரே "கல் உள்ளது" என்றிருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன், உள்ளது. அது எப்போதிலிருந்து அங்கே உள்ளது என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.